அகதிகளா, சட்டவிரோதக் குடியேறிகளா? ஹைதராபாத் ரோஹிங்கியாக்களின் எதிர்காலம் என்ன? - விரிவான தொகுப்பு

ஹைதராபாத்: மியான்மரில் இருந்து வெளியேறி ஹைதராபாத்தில் வசித்து வரும் ரோஹிங்கியாக்கள் அகதிகளா அல்லது சட்டவிரோதமாக நுழைந்தவர்களா என்ற கேள்வி, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக விடை கிடைக்காமல் நீடிக்கிறது. நகரின் தென்பகுதியில் உள்ள பாலாபூர், ராயல் காலனி உள்ளிட்ட இடங்களில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய குடிசைகளில் இவர்கள் வசித்து வருகின்றனர்.

இவர்களில் பலரிடம் ஐ.நா. அகதிகள் ஆணையம் வழங்கிய அடையாள அட்டை உள்ளது. அட்டையை வழங்கிய ஆணையத்தின் பார்வையில் அவர்கள் அகதிகள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் பார்வையில் அவர்கள் உரிய ஆவணம் இன்றி எல்லை தாண்டியவர்கள். இந்த இரண்டு நிலைப்பாடுகளில் எது சட்டப்படி சரியானது என்பதை முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு தற்போது உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ளது.

அகதிகளின் வருகைக்கும், குறிப்பிட்ட நாட்டினரின் பயணத்துக்கும் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் அடுத்தடுத்து கட்டுப்பாடுகளை விதித்து வரும் நிலையில், இந்த வழக்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. தமிழ்நாட்டில் வசிக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளின் நிலையோடும் இதற்குத் தொடர்பு உண்டு. அதுகுறித்து விரிவாகக் காணலாம்.

யார் இந்த ரோஹிங்கியாக்கள்?

மியான்மரின் மேற்குக் கரையில், வங்கதேச எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ரக்கைன் மாநிலம். முன்பு அரக்கான் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்த முஸ்லிம் சிறுபான்மையினரே ரோஹிங்கியாக்கள்.

மியான்மர் அரசு 1982ஆம் ஆண்டு கொண்டு வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. அந்நாட்டு அரசு அங்கீகரித்துள்ள 135 இனக்குழுக்களின் பட்டியலில் ரோஹிங்கியாக்கள் இடம்பெறவில்லை. இதனால் பிறந்த மண்ணிலேயே இவர்கள் நாடற்றவர்களாகினர்.

2012ஆம் ஆண்டு ரக்கைனில் வெடித்த இன மோதல்களைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 2017 ஆகஸ்ட் 25ஆம் தேதி ரோஹிங்கியா ஆயுதக் குழு ஒன்று காவல் சாவடிகள் மீது தாக்குதல் நடத்தியது. அதற்குப் பதிலடியாக ராணுவம் மேற்கொண்ட நடவடிக்கையால் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்குத் தப்பிச் சென்றனர். இது தொடர்பாக மியான்மர் மீது காம்பியா தொடர்ந்த இனப்படுகொலை வழக்கில், ரோஹிங்கியாக்களைப் பாதுகாக்க உரிய நடவடிக்கை எடுக்குமாறு சர்வதேச நீதிமன்றம் 2020 ஜனவரி 23ஆம் தேதி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது குறிப்பிடத்தக்கது.

ஹைதராபாத்துக்கு வந்தது எப்படி?

ரக்கைனில் இருந்து வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தவர்கள் ஜம்மு, டெல்லி, ஹரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான், ஹைதராபாத் எனப் பல இடங்களுக்குப் பிரிந்து சென்றனர். ஹைதராபாத்தில் 2012ஆம் ஆண்டுக்குப் பிறகே இவர்களின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. தினக்கூலி வேலை கிடைப்பது, பழைய நகரப் பகுதியின் தொண்டு அமைப்புகளும் உள்ளூர் மக்களும் அளித்த உதவி, ஏற்கனவே வந்து தங்கிய உறவினர்கள் ஆகியவை இவர்களை இந்நகரை நோக்கி ஈர்த்தன.

தனியாருக்குச் சொந்தமான காலி மனைகளில் வாடகை கொடுத்து குடிசைகளை அமைத்துக் கொண்ட இவர்கள், கட்டுமானப் பணி, பழைய பொருட்கள் சேகரிப்பு, இறைச்சி மற்றும் மீன் கடைகளில் கூலி வேலை போன்றவற்றில் ஈடுபட்டு வருகின்றனர். ஐ.நா. அகதிகள் ஆணையத்துடன் இணைந்து 'கோவா' என்ற தன்னார்வ அமைப்புகளின் கூட்டமைப்பு இவர்களிடையே பணியாற்றி வந்துள்ளது. ஹைதராபாத்திலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் 5,000க்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வசிப்பதாகத் தொண்டு அமைப்புகள் மதிப்பிடுகின்றன.

நாடு முழுவதும் எத்தனை பேர் உள்ளனர் என்பதிலும் இருவேறு கணக்குகள் உள்ளன. சுமார் 40,000 ரோஹிங்கியாக்கள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாக 2017ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. ஐ.நா. ஆணையத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் அதைவிடக் குறைவு. ஆணையத்தின் அண்மைக் கணக்கின்படி, பதிவு பெற்றவர்களின் எண்ணிக்கை 20,000ஐத் தாண்டியுள்ளது.

திருப்பத்தை ஏற்படுத்திய 2017 சுற்றறிக்கை:

தொடக்கத்தில் ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் அரசின் அணுகுமுறை இவ்வளவு கடுமையாக இல்லை. அகதி எனக் கோரும் வெளிநாட்டினரை எவ்வாறு கையாள்வது என்பது குறித்து 2011 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் வழிகாட்டு நடைமுறை ஒன்றை வகுத்தது. இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தப்படும் அச்சம் இருப்பது விசாரணையில் உறுதியானால், நீண்டகால விசா வழங்கப் பரிந்துரைக்கலாம் என்பது அதன் சாரம். அதாவது, ஒவ்வொருவரின் கோரிக்கையும் தனித்தனியாக ஆராயப்படும் என்ற நிலை இருந்தது.

2017 ஆகஸ்ட் 8ஆம் தேதி மாநிலங்களுக்கு உள்துறை அமைச்சகம் அனுப்பிய கடிதம் இந்த நிலையை மாற்றியது. ரோஹிங்கியாக்கள் உள்ளிட்ட சட்டவிரோதக் குடியேறிகளை அடையாளம் கண்டு நாடு கடத்த நடவடிக்கை எடுக்குமாறு அதில் அறிவுறுத்தப்பட்டது. இதை எதிர்த்து முகமது சலீமுல்லா உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். அந்த வழக்கே இன்று வரை நீடிக்கும் சட்டப் போராட்டத்தின் மையமாக உள்ளது.

2018 அக்டோபர் 4ஆம் தேதி, அசாம் மாநிலம் சில்சாரில் காவலில் வைக்கப்பட்டிருந்த 7 ரோஹிங்கியாக்களை மியான்மருக்கு அனுப்புவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அன்றே அவர்கள் ஒப்படைக்கப்பட்டனர்.

அரசுத் துறைகளுக்கு இடையிலான குழப்பமும் ஒருமுறை வெளிப்படையாகத் தெரிந்தது. டெல்லியில் உள்ள ரோஹிங்கியாக்களுக்கு பக்கர்வாலா பகுதியில் அடுக்குமாடி வீடுகள் வழங்கப்படும் என 2022 ஆகஸ்ட் 17ஆம் தேதி மத்திய அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி அறிவித்தார். அப்படி எந்த உத்தரவும் பிறப்பிக்கப்படவில்லை என அதே நாளில் உள்துறை அமைச்சகம் மறுத்தது.

இந்தியாவில் அகதிகளுக்கெனச் சட்டம் உள்ளதா?

இல்லை என்பதே பதில். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்திலும், 1967ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தத்திலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி யார் என்பதை வரையறுக்கும் உள்நாட்டுச் சட்டமும் கிடையாது. எனவே, உயிருக்கு அஞ்சி எல்லை தாண்டியவரும், வேலை தேடி எல்லை தாண்டியவரும், சதித் திட்டத்துடன் எல்லை தாண்டியவரும் சட்டத்தின் முன் ஒரே பெயரில், அதாவது வெளிநாட்டினராகவே கருதப்படுகின்றனர்.

இதுவரை 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்கள் இதற்குப் பயன்பட்டு வந்தன. அவற்றுக்கு மாற்றாக, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025, அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உரிய பாஸ்போர்ட், விசா இன்றி நாட்டுக்குள் நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்க இச்சட்டம் வழிவகுக்கிறது. போலி ஆவணங்களைப் பயன்படுத்தினால் 2 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கும். தான் வெளிநாட்டவர் அல்ல என்பதை நிரூபிக்கும் பொறுப்பு சம்பந்தப்பட்ட நபரையே சாரும். அகதி என்ற பிரிவு இந்தப் புதிய சட்டத்திலும் இடம்பெறவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் நிர்வாக உத்தரவுகளே முடிவு செய்கின்றன. திபெத்தியர்கள், இலங்கைத் தமிழர்கள், ஆப்கானியர்கள், ரோஹிங்கியாக்கள் என ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வொரு விதமான அணுகுமுறை கடைப்பிடிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

அரசின் வாதம் என்ன?

ரோஹிங்கியாக்களின் இருப்பு தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் மத்திய அரசு தெரிவித்தது. பயங்கரவாத அமைப்புகளுடன் சிலருக்குத் தொடர்பு இருப்பதாகத் தகவல்கள் கிடைத்துள்ளதாகவும், முகவர்கள் மூலம் திட்டமிட்டு ஊடுருவல் நடைபெறுவதாகவும், போலி அடையாள ஆவணங்கள் பெறப்படுவதாகவும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது.

மக்கள்தொகை அதிகமுள்ள வளரும் நாடான இந்தியாவில் சொந்தக் குடிமக்களின் நலனுக்கே முன்னுரிமை அளிக்க வேண்டும் என்றும், ரோஹிங்கியாக்களுக்கு இந்தியாவில் குடியிருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்றும் 2024 மார்ச்சில் மத்திய அரசு மீண்டும் தெளிவுபடுத்தியது. ஐ.நா. ஆணையத்தின் அட்டையை அகதி அந்தஸ்துக்கான ஆதாரமாக ஏற்க முடியாது என்பதும் அரசின் நிலைப்பாடு.

இந்த வாதத்துக்குச் சட்ட அடிப்படை உண்டு. வெளிநாட்டினரை வெளியேற்ற அரசுக்கு உள்ள அதிகாரம் கட்டுப்பாடற்றது என ஹான்ஸ் முல்லர் வழக்கில் 1955ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. எல்லைக்குள் யாரை அனுமதிப்பது என்பதை முடிவு செய்வது இறையாண்மை கொண்ட எந்த நாட்டுக்கும் உரிய அதிகாரம் என்பதைப் பெரும்பாலான சட்ட வல்லுநர்களும் மறுப்பதில்லை.

எதிர்த்தரப்பு கூறுவது என்ன?

மனுதாரர்கள் தரப்பு, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவை முன்வைக்கிறது. உயிர் வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியது அல்ல, இந்திய மண்ணில் உள்ள எந்த நபருக்கும் பொருந்தும். உயிருக்கு ஆபத்து உள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சர்வதேசக் கோட்பாடும் இந்த உரிமைக்குள் அடங்கும் என்பது அவர்களின் வாதம்.

இதற்கும் முன்னுதாரணங்கள் உள்ளன. அருணாச்சலப் பிரதேசத்தில் வசித்த சக்மா மக்களைச் சில அமைப்புகள் மிரட்டி வெளியேற்ற முயன்றபோது, குடிமகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் பாதுகாக்க அரசு கடமைப்பட்டுள்ளது என 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. மியான்மரில் ராணுவப் புரட்சி நடந்த 2021ஆம் ஆண்டு, அங்கிருந்து தப்பி வந்த 7 பேர் டெல்லி சென்று ஐ.நா. ஆணையத்தை அணுக மணிப்பூர் உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

குற்றம் செய்தவர் யாராக இருந்தாலும் விசாரித்துத் தண்டிப்பதை யாரும் எதிர்க்கவில்லை என்றும், சிலர் மீதான குற்றச்சாட்டை ஒரு சமூகம் முழுவதன் மீதும் சுமத்துவதையே எதிர்ப்பதாகவும் மனித உரிமை ஆர்வலர்கள் கூறுகின்றனர்.

உச்ச நீதிமன்றம் இதுவரை கூறியது என்ன?

ஜம்முவில் 150க்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் ஹிராநகர் தடுப்பு மையத்தில் அடைக்கப்பட்டதை எதிர்த்த மனு மீது 2021 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு பிறப்பித்தது. சமத்துவம், உயிர் வாழ்தல் ஆகிய உரிமைகள் அனைவருக்கும் உண்டு. ஆனால், நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உண்டு என நீதிமன்றம் தெரிவித்தது. அவர்களை விடுவிக்க மறுத்த நீதிமன்றம், உரிய சட்ட நடைமுறையைப் பின்பற்றாமல் நாடு கடத்தக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது.

2025ஆம் ஆண்டு இந்த விவகாரம் மீண்டும் சூடுபிடித்தது. டெல்லியில் பிடிக்கப்பட்ட 43 ரோஹிங்கியாக்கள் அந்தமான் கடற்பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, மியான்மர் கரை அருகே கடலில் இறக்கிவிடப்பட்டதாக மே மாதம் ஒரு மனு தாக்கல் செய்யப்பட்டது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் இதுகுறித்து விசாரணை தொடங்கினார். எனினும், மனுவில் கூறப்பட்டவற்றுக்கு ஆதாரம் எங்கே எனக் கேள்வி எழுப்பிய உச்ச நீதிமன்றம், இடைக்கால நிவாரணம் வழங்க மறுத்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில், பள்ளிச் சேர்க்கை கோரிய ரோஹிங்கியா குழந்தைகள் முதலில் அரசுப் பள்ளிகளை அணுகலாம் என்றும், இடம் மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது கவனிக்கத்தக்கது.

ஹைதராபாத் அரசியலில் ரோஹிங்கியா விவகாரம்:

ஹைதராபாத்தில் இந்த விவகாரம் நீதிமன்றத்தோடு நின்றுவிடவில்லை. தகுதியின்றி ஆதார் பெற்றதாக எழுந்த புகாரின் பேரில், 2020 பிப்ரவரியில் 127 பேருக்கு ஆதார் ஆணையத்தின் ஹைதராபாத் மண்டல அலுவலகம் நோட்டீஸ் அனுப்பியது. குடியுரிமையை நிரூபிக்குமாறு அதில் கேட்கப்பட்டதாகச் சர்ச்சை எழுந்தது. ஆதாருக்கும் குடியுரிமைக்கும் தொடர்பு இல்லை என்றும், காவல்துறை அளித்த தகவலின் பேரிலேயே நோட்டீஸ் அனுப்பப்பட்டதாகவும் ஆணையம் விளக்கம் அளித்தது.

அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி நடைபெற்ற ஹைதராபாத் மாநகராட்சித் தேர்தலில் ரோஹிங்கியா விவகாரம் முக்கியப் பிரசாரப் பொருளானது. பழைய நகர வாக்காளர் பட்டியலில் ரோஹிங்கியாக்கள் சேர்க்கப்பட்டுள்ளதாக பாஜக தலைவர்கள் குற்றம் சாட்டினர். அப்படியானால் மத்திய உள்துறை அமைச்சர் என்ன செய்து கொண்டிருந்தார் என மஜ்லிஸ் கட்சித் தலைவர் அசாதுதீன் ஓவைசி எதிர்க்கேள்வி எழுப்பினார்.

வாக்காளர் அட்டை, ஆதார், பாஸ்போர்ட் போன்றவற்றை முறைகேடாகப் பெற்றதாகச் சில ரோஹிங்கியாக்கள் மீது ஹைதராபாத் காவல்துறை பல்வேறு காலகட்டங்களில் வழக்குப் பதிவு செய்துள்ளது. இதனை அரசுத் தரப்பு தனது வாதத்துக்கு வலுவாகக் காட்டுகிறது. முறையான ஆவணம் பெற வழியே இல்லாதவர்களைத் தரகர்கள் பயன்படுத்திக் கொள்வதன் விளைவு இது என்பது தொண்டு அமைப்புகளின் பதில்.

இலங்கைத் தமிழர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தனர். இன்றும் சுமார் 90,000 பேர் முகாம்களிலும் வெளியிலும் வசிக்கின்றனர். இவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை, ரேஷன், கல்வி, வீடு ஆகியவற்றை வழங்குகிறது. 2021ஆம் ஆண்டு ரூ.317 கோடி மதிப்பிலான நலத்திட்டங்களை அறிவித்த தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது.

வசதிகளில் பெரும் வேறுபாடு இருந்தாலும், சட்ட அடிப்படையில் இரு தரப்பினரும் நிற்கும் இடம் ஒன்றுதான். இருவருக்கும் அகதி என்ற சட்ட அந்தஸ்து கிடையாது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து 2014 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மதத்தினருக்கு மட்டுமே பொருந்தும். இலங்கையும் மியான்மரும் அந்தப் பட்டியலில் இல்லை. இச்சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரி 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி வெளியான விலக்கு உத்தரவு, இலங்கைத் தமிழர்களுக்கு ஓரளவு நிம்மதி அளித்தது. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் இந்தியாவில் தஞ்சம் அடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்ற காரணத்துக்காகப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பாயாது. திபெத்தியர்களுக்கும், மேற்கண்ட மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கும் தனித்தனி தேதி வரம்புகளுடன் இதேபோன்ற விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ரோஹிங்கியாக்களுக்கு இதில் இடமில்லை.

இந்த விலக்கு தண்டனையில் இருந்து மட்டுமே பாதுகாப்பு அளிக்கிறது. குடியுரிமையையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையையோ வழங்கவில்லை. ஓர் அரசு ஆணையால் கிடைத்த சலுகையை மற்றோர் ஆணையால் திரும்பப் பெறவும் முடியும். 2025 மே 19ஆம் தேதி, சிறைத் தண்டனை முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவர் நாடு கடத்தலுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், உலகெங்கும் உள்ள அகதிகளை ஏற்க இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என உச்ச நீதிமன்றம் கருத்து தெரிவித்தது. ரோஹிங்கியா வழக்கில் உருவாகும் சட்டக் கோட்பாடு தமிழ்நாட்டு முகாம்களிலும் எதிரொலிக்கும் என்பதை இது உணர்த்துகிறது.

இங்கேயே பிறந்த குழந்தைகளின் நிலை என்ன?

இந்த விவகாரத்தில் மிகவும் சிக்கலான பகுதி இதுதான். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள். இதன் அடிப்படையில், 1986ஆம் ஆண்டு மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்குமாறு 2022ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தது அப்போது செய்தியானது.

அதற்குப் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தாலும் அக்குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்காது. 2012க்குப் பிறகு ஹைதராபாத்தில் பிறந்த ரோஹிங்கியா குழந்தைகள் அனைவரும் இந்த வரம்புக்குள் வருகின்றனர். பெற்றோர் விட்டு வந்த நாடும் 1982 சட்டப்படி இவர்களைக் குடிமக்களாக ஏற்காது. மியான்மரை ஒருமுறைகூடக் கண்டிராத இந்தக் குழந்தைகளை எந்த நாட்டுக்கு நாடு கடத்துவது என்ற கேள்விக்கு, தற்போதைய சட்டங்களில் தெளிவான பதில் இல்லை.

அடைபட்ட மூன்று வழிகள்:

அகதிகள் பிரச்சினைக்கு மூன்று நிரந்தரத் தீர்வுகளை ஐ.நா. ஆணையம் முன்வைக்கிறது. சொந்த நாட்டுக்கு விருப்பத்துடன் திரும்புவது, தஞ்சம் அடைந்த நாட்டிலேயே நிலைபெறுவது, மூன்றாவது நாடு ஒன்றில் குடியமர்த்தப்படுவது ஆகியவையே அவை. ஹைதராபாத் ரோஹிங்கியாக்களைப் பொறுத்தவரை மூன்றுமே ஏறக்குறைய அடைபட்டுள்ளன.

மியான்மரில் 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் உள்நாட்டுப் போர் தீவிரமடைந்தது. ரோஹிங்கியாக்கள் அதிகம் வாழ்ந்த மவுங்டா நகரம் 2024 டிசம்பரில் அரக்கான் ஆர்மி என்ற ஆயுதக் குழுவின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. திரும்ப அனுப்புவதாக இருந்தாலும், அவர்களைத் தமது நாட்டவர் என மியான்மர் அரசு உறுதிப்படுத்த வேண்டும். குடிமக்களாகவே ஏற்காத ஓர் அரசிடம் அந்த உறுதியைப் பெறுவது எளிதல்ல. இதனால், நாடு கடத்தும் உத்தரவு பிறப்பிக்கப்பட்ட பலர் காலவரையின்றித் தடுப்பு மையங்களிலேயே இருக்க நேரிடுகிறது.

இந்தியாவிலேயே நிலைபெறச் சட்டம் இடமளிக்கவில்லை. எஞ்சியிருப்பது மூன்றாவது நாடு. அதற்கும், இந்தியாவில் இருந்து வெளியேற வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் அனுமதி தேவை.

உலக அளவில் அதிகமான அகதிகளைக் குடியமர்த்தி வந்த அமெரிக்காவும் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. 2017 ஜனவரியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் 7 நாடுகளின் குடிமக்கள் நுழைய அதிபர் டிரம்ப் தடை விதித்தார். பின்னர் மாற்றியமைக்கப்பட்ட அந்தத் தடையை 2018 ஜூன் 26ஆம் தேதி 5-4 என்ற பெரும்பான்மையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2021ஆம் ஆண்டு அதிபர் பைடன் தடையை நீக்கினார். மீண்டும் பதவியேற்ற டிரம்ப், 2025 ஜனவரியில் அகதிகள் சேர்க்கைத் திட்டத்தை நிறுத்தி வைத்தார். ஜூன் மாதம் 12 நாட்டினருக்கு முழுத் தடை விதித்தார். அந்தப் பட்டியலில் மியான்மரும் உள்ளது. 2026 நிதியாண்டுக்கான அகதிகள் சேர்க்கை உச்சவரம்பு 7,500 ஆகக் குறைக்கப்பட்டது. முந்தைய ஆண்டு இது 1,25,000 ஆக இருந்தது.

வாஷிங்டனில் நடக்கும் விவாதமும் டெல்லியில் நடக்கும் விவாதமும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஒருவர் ஆபத்தானவரா, ஆபத்தில் இருப்பவரா என்பதை அவரது நாட்டையும் சமூகத்தையும் வைத்து முடிவு செய்யலாமா அல்லது அவரைத் தனியாக விசாரித்து முடிவு செய்ய வேண்டுமா என்பதே அது. பட்டியல் முறையை ஆதரிப்போர், ஆவணமே இல்லாத ஆயிரக்கணக்கானோரைத் தனித்தனியே சரிபார்ப்பது நடைமுறையில் இயலாது என்கின்றனர். எதிர்ப்போர், விசாரணையே இல்லாவிட்டால் உண்மையான அச்சுறுத்தல் யார் என்பதும் தெரியாமலே போகும் என்கின்றனர்.

அடுத்து என்ன?

நீதிபதிகள் சூர்யகாந்த், தீபாங்கர் தத்தா, கோடீஸ்வர் சிங் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, 2025 ஜூலை 31ஆம் தேதி இந்த வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை வகுத்தது. அவற்றின் சுருக்கம் வருமாறு:

1. ரோஹிங்கியாக்கள் அகதிகளாக அறிவிக்கப்படத் தகுதியுள்ளவர்களா?

2. அகதிகள் எனில், அவர்களுக்கு என்னென்ன பாதுகாப்பும் உரிமைகளும் உண்டு?

3. சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் எனில், அவர்களை நாடு கடத்தும் அரசின் நடவடிக்கை நியாயமானதா?

4. சட்டவிரோதமாக நுழைந்தவர்களே ஆயினும், அவர்களைக் காலவரையின்றித் தடுப்புக் காவலில் வைக்கலாமா அல்லது நிபந்தனைகளுடன் ஜாமீனில் விடுவிக்க வேண்டுமா?

5. காவலில் இல்லாமல் முகாம்களில் வசிப்போருக்குக் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற அடிப்படை வசதிகள் வழங்கப்பட்டுள்ளனவா?

நீதிமன்றம் எந்தப் பதிலை அளித்தாலும், அகதி யார் என்பதை வரையறுக்கும் சட்டத்தை இயற்ற வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துக்கே உரியது. முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையில் 1990களிலேயே மாதிரிச் சட்ட வரைவு ஒன்று தயாரிக்கப்பட்டது. காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் 2015ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். எதுவும் சட்டமாகவில்லை. தஞ்சம் கோருவோரை விசாரித்து, தகுதியுள்ளவர்களை ஏற்கவும் தகுதியற்றவர்களை வெளியேற்றவும் தெளிவான நடைமுறை இருந்தால், அது பாதுகாப்பு அமைப்புகளுக்கும் உதவும் என இத்தகைய சட்டத்தை ஆதரிப்போர் கூறுகின்றனர்.

அதுவரை பாலாபூர் குடிசைவாசிகளின் கையில் இருப்பது, ஓர் அமைப்பு அகதி என்றும் மற்றோர் அமைப்பு செல்லாது என்றும் கூறும் ஓர் அடையாள அட்டை மட்டுமே. முதல் நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். குடிநீரையும் பள்ளியையும் பற்றிய ஐந்தாவது கேள்வி, இங்கு வளரும் குழந்தைகளின் அன்றாட வாழ்க்கையைச் சார்ந்தது.